ஒசாகாவில் கிடைத்த நிரந்தர இடம்

பசிபிக் கரைகளின் வணிக வரலாறு – பகுதி 9

சென்ற பகுதியைப் பிளேக் தீவில் நிறுத்தியிருந்தோம். 1993 நவம்பர் 20 அன்று, சியாட்டிலுக்கு எதிரே உள்ள அந்தச் சிறு தீவில் ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் (ஏபெக்) தலைவர்கள் முதன்முறையாக ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். அமெரிக்க அதிபர் கிளின்டன் அவர்களுக்குக் கொடுத்த தோல் ஜாக்கெட்டுகளைப் பற்றியும் மலேசியப் பிரதமர் மகாதீர் வராமல் போனதைப் பற்றியும் பத்திரிகைகள் நிறைய எழுதின. அன்று எடுத்த இன்னொரு முடிவை இப்போது பார்க்க வேண்டும். பசிபிக் வணிக மன்றம் என்ற ஒன்றைக் கூட்டுவது. ஒவ்வோர் உறுப்பும் தனியார் துறையிலிருந்து இரண்டு பேரை அனுப்புவது. அந்த இருவரில் ஒருவர் சிறு, நடுத்தரத் தொழிலின் சார்பில் வருவது. வணிகத்துக்கும் முதலீட்டுக்கும் எவையெல்லாம் குறுக்கே நிற்கின்றன என்று அவர்கள் அடுத்த ஆண்டே அறிக்கை தருவது. ஏபெக் வணிக ஆலோசனைக் குழுவின் விதை இதுதான். அது முளைத்து நிலைபெற மூன்று ஆண்டுகள் ஆயின.

வணிகர்கள் அதற்கு முன்பு வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையில், அரசுகளுக்கு முன்பே கூடியவர்கள் அவர்கள்தான். 1967-லேயே ஜப்பான், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் தொழிலதிபர்கள் சேர்ந்து பசிபிக் வடிநிலப் பொருளாதாரக் குழுமத்தைத் தொடங்கியிருந்தார்கள். பொருளாதார அறிஞர் கியோஷி கொஜிமா இதே ஐந்து நாடுகளுக்குள் தடையற்ற வணிகப் பகுதி ஒன்றை உருவாக்கலாம் என்று அதே காலத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார். 1968-ல் டோக்கியோவில் பொருளாதார அறிஞர்களின் மாநாடு தொடங்கியது. ஆக, வணிகர்களுக்கு ஒரு மேடை, அறிஞர்களுக்கு ஒரு மேடை. அரசுகள் இரண்டையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டன, எதற்கும் கட்டுப்படவில்லை.

இரண்டு மேடைகளையும் அரசோடு இணைக்க முயன்றவர் ஜப்பானியப் பிரதமர் மசயோஷி ஒஹிரா. ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் ஃபிரேசரும் அவரும் பேசி எடுத்த முடிவின்படி, 1980 செப்டம்பரில் கான்பெராவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதைப் பார்க்க ஒஹிரா உயிரோடு இல்லை. ஜூன் மாதமே இறந்துபோயிருந்தார். அந்தக் கருத்தரங்கில் நாட்டுக்கு மூன்று பேர்: ஓர் அரசு அதிகாரி, ஒரு வணிகர், ஓர் அறிஞர். பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு மன்றம் பிறந்தது இங்கேதான். அதிகாரி தம் சொந்தப் பொறுப்பில் பேசலாம், அரசின் சார்பில் பேச வேண்டியதில்லை என்பது ஏற்பாடு. மனம்விட்டுப் பேச அது உதவியது. ஆனால் பேசியதை நிறைவேற்றும் கடமை யாருக்கும் வராமல் போனதும் அதே ஏற்பாட்டால்தான்.

பிறகு 1989-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் பசிபிக் ஒத்துழைப்பைப் பற்றிச் சியோலில் பேசியதும், நவம்பரில் 12 நாடுகளின் அமைச்சர்கள் கான்பெராவில் கூடி ஏபெக்கைத் தொடங்கியதும் முன்பே பார்த்தவை. அந்த மேசையில் வணிகருக்கு இடம் இல்லை. பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு மன்றம் பார்வையாளராக உட்கார்ந்தது, அவ்வளவுதான். அமைச்சர்கள் கூடினார்கள், மூத்த அதிகாரிகள் கூடினார்கள், பணிக்குழுக்கள் பெருகின. 1993-ல் சிங்கப்பூரில் செயலகமும் வந்துவிட்டது. எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் எதற்காக நிற்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் மட்டும் வெளியே இருந்தார்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஹாங்காங் வணிகர் விக்டர் ஃபங் விளக்கும் முறை எனக்குப் பிடிக்கும். 1906-ல் குவாங்சோவில் தொடங்கிய லி அண்டு ஃபங் என்ற குடும்ப நிறுவனத்தை அவரும் அவர் தம்பியும் நடத்தினார்கள். அதற்குச் சொந்தமாக ஆலை கிடையாது. ஐரோப்பியக் கடைக்காரர் ஒருவர் 10,000 ஆடைகள் கேட்டால், நூலைக் கொரியாவில் வாங்குவார்கள். நெசவும் சாயமும் தைவானில். ஜிப் ஜப்பானிய நிறுவனத்துடையது, ஆனால் சீனாவில் இருக்கும் அதன் ஆலையிலிருந்து வரும். தையல் தாய்லாந்தில், அதுவும் ஒரே ஆலையில் அல்ல. வேலையைப் பிரித்துக் கொடுத்தால்தான் சொன்ன தேதிக்குள் கப்பல் ஏறும்.

இப்போது இந்த ஓர் ஆர்டர் எத்தனை எல்லைகளைக் கடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் எல்லையிலும் சுங்கத் துறை அந்தப் பொருளை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பொருள்களுக்கு உலகப் பொதுவான வகைப்பாட்டு எண்கள் 1988-ல் நடைமுறைக்கு வந்துவிட்டன. என்றாலும் ஒரே பொருளை ஓர் அதிகாரி ஒரு தலைப்பிலும், பக்கத்து நாட்டு அதிகாரி வேறு தலைப்பிலும் போடுவது நிற்கவில்லை. அடுத்து விலை மதிப்பீடு. அடுத்து எங்கே செய்த பொருள் என்பதற்கான சான்று. சாயத்துக்கு ஒரு சோதனை. ஒரு நாட்டில் செய்த சோதனையை இன்னொரு நாடு ஏற்காவிட்டால் மறுபடியும் அதே சோதனை. இடையில் தரம் பார்க்கப் போக வேண்டிய ஆள் விசாவுக்காக வரிசையில் நிற்பார். இறக்குமதி வரியை 5 சதவீதம் குறைத்துவிட்டோம் என்று அமைச்சர் கையெழுத்துப் போட்டு வந்திருப்பார். கிடங்கில் பத்து நாள் நின்ற சரக்கு அந்த 5 சதவீதத்தைத் தின்றுவிட்டிருக்கும். விக்டர் ஃபங் பின்னர் ஹாங்காங்கின் சார்பில் ஆலோசனைக் குழுவில் 1996-லிருந்து 2003 வரை இருந்தார். இப்படிப்பட்ட ஆளைத்தான் அந்தக் குழு தேடியது.

பசிபிக் வணிக மன்றத்துக்கு வருவோம். 1994 அக்டோபரில் அதன் முதல் அறிக்கை, அந்த ஆண்டு ஏபெக்கை நடத்திய இந்தோனேசியாவின் அதிபர் சுகார்த்தோவின் கைக்குப் போனது. அதே ஆண்டில், அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃபிரெட் பெர்க்ஸ்டன் தலைமையில் ஏபெக் அமைத்திருந்த வல்லுநர் குழுவும் தன் இரண்டாவது அறிக்கையைக் கொடுத்திருந்தது. தடையற்ற வணிகத்துக்கான பயணத்தை 2000-த்தில் தொடங்கி 2020-க்குள் முடிக்கலாம் என்றது வல்லுநர் குழு. வணிகர்களோ அதைவிட விரைவாகவே வேண்டும் என்றார்கள். நவம்பர் 15 அன்று போகோரில் தலைவர்கள் எடுத்த முடிவு நமக்குத் தெரியும்: முன்னேறிய நாடுகளுக்கு 2010, வளரும் நாடுகளுக்கு 2020.

அந்தத் தேதிகளைப் பற்றி அன்று எழுந்த ஆரவாரம் இன்று அடங்கிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வணிகர்களின் மன்றம் அறிக்கையைக் கொடுத்த பிறகு என்ன ஆனது என்பது. மன்றத்தைக் கூட்டியது ஒரு தலைவர்கள் கூட்டத்தின் முடிவு. அடுத்த கூட்டம் மறந்துவிட்டால் மன்றம் கலைந்ததுதான். அறிக்கையை யார் படித்தார்கள், எந்தப் பரிந்துரை எந்த அதிகாரியின் மேசையில் நிற்கிறது என்று அடுத்த ஆண்டு வந்து கேட்பதற்கு உறுதியான ஓர் இடம் வேண்டும். 1995-ல் மன்றம் இரண்டாவது அறிக்கையையும் கொடுத்தது. அதன் பிறகு நிரந்தர அமைப்பு வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியவில்லை.

1995 நவம்பர் 19. ஒசாகா. ஜப்பானியப் பிரதமர் தொமிஇச்சி முராயாமா தலைமை ஏற்ற கூட்டம். அமெரிக்காவில் பட்ஜெட் சண்டையால் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. கிளின்டன் வரவில்லை, துணை அதிபர் அல் கோர் வந்தார். ஜப்பானும் கொரியாவும் தங்கள் நெல் விவசாயிகளை எண்ணி, வேளாண்மைக்கு விலக்கு வேண்டும் என்று நின்றன. ஏற்றுமதி செய்யும் நாடுகள் விடவில்லை. எந்தத் துறையையும் விட்டுவிடக் கூடாது, ஆனால் துறைக்கேற்ற நெகிழ்வு உண்டு என்ற இரண்டு கொள்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒசாகா செயல்திட்டம் முடிந்தது. வணிகத் தாராளமயப் பணிகளுக்காக 1,000 கோடி யென் வரை தருவதாக ஜப்பான் சொன்னது.

அந்த அறையில் தைவானின் சார்பில் உட்கார்ந்திருந்தவர் கூ சென்-ஃபூ. அதிபரை அனுப்பத் தைவானுக்கு வழியில்லை, சீனா ஏற்காது. அதனால் வணிகக் குடும்பத்தில் பிறந்து, சிமென்ட் நிறுவனத்தை நடத்தி, 1993-ல் சிங்கப்பூரில் சீனாவின் வாங் தாவ்ஹானோடு பேச்சு நடத்திய இந்த முதியவர் வந்திருந்தார். நாட்டுத் தலைவர்களுக்கு நடுவே தொழிலதிபர் ஒருவர் அமர்ந்திருந்த கூட்டத்தில்தான் வணிகர்களுக்கு நிரந்தர இடம் கொடுக்கும் முடிவும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

முடிவு இதுதான்: பசிபிக் வணிக மன்றத்துக்குப் பதிலாக ஏபெக் வணிக ஆலோசனைக் குழு. அதே கூட்டத்தோடு வல்லுநர் குழுவின் வேலை முடிந்தது. இதில் ஒரு தேர்வு மறைந்திருக்கிறது. பெர்க்ஸ்டனின் குழு அரசுகளை மிக வேகமாக இழுக்கிறது என்ற மனக்குறை ஆசியத் தலைநகரங்கள் பலவற்றில் இருந்தது. அறிஞர்களை அனுப்பிவிட்டு வணிகர்களை வைத்துக்கொண்டார்கள். ஒரு வகையில் அது தவறு என்று நினைக்கிறேன். வணிகர் தம் சரக்கு எங்கே நிற்கிறது என்று துல்லியமாகச் சொல்வார். மொத்தப் பொருளாதாரமும் எங்கே போகிறது, அதில் யார் பின்தங்குகிறார்கள் என்று சொல்லும் பொறுப்பு அவருடையது அல்ல. அந்தப் பொறுப்பில் இருந்தவர்களின் இடத்தை யாரும் நிரப்பவில்லை.

குழுவை அமைத்த விதத்தில் மூன்று நல்ல முடிவுகள் இருந்தன. ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் மூன்று பேர் வரை வரலாம்; அவர்களை நியமிப்பது வணிகச் சங்கமோ அமைச்சகமோ அல்ல, அந்த நாட்டின் தலைவரே. அப்போது 18 உறுப்புகள், ஆகவே 54 பேர் வரை. 1998-ல் ரஷ்யா, பெரு, வியட்நாம் சேர்ந்த பிறகு 63. தலைவர் நேரடியாக நியமிப்பதால் அவர் கேள்வி கேட்கலாம், பதிலும் சொல்ல வேண்டிவரும். குழுவில் சிறு, நடுத்தரத் தொழிலின் குரல் இருக்க வேண்டும் என்பது பிளேக் தீவிலிருந்து வந்த மரபு. பெரிய நிறுவனத்துக்கு எந்தத் தலைநகரிலும் கதவு திறக்கும். சிறு தொழிலருக்கு இந்தக் குழுதான் ஒரே கதவு. அதனால்தான் இந்த மரபை நான் மற்றவற்றைவிட மேலாக மதிக்கிறேன்.

மூன்றாவது முடிவுதான் உயிர்நாடி. ஆண்டுதோறும் தலைவர்கள் கூட்டத்தின்போது குழுவினர் தலைவர்களை நேரில் சந்தித்துப் பேச வேண்டும். அரசு சாராத வேறெந்த அமைப்புக்கும் ஏபெக் தலைவர்களோடு இப்படியொரு முறையான சந்திப்பு கிடையாது. மற்ற ஆலோசனைகள் அமைச்சகத்தில் இறங்கி, செயலர்களிடம் வடிகட்டி, சுருக்கப்பட்டு மேலே போகும். இது தலைவரின் முகத்துக்கு நேராகப் போகிறது. எந்தப் பரிந்துரையையும் ஏற்க வேண்டிய கட்டாயம் தலைவர்களுக்கு இல்லை. ஆனால் கேட்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

செலவு எப்படி? ஒவ்வோர் உறுப்பும் தன் பொருளாதாரத்தின் அளவுக்கேற்ப ஆண்டுச் சந்தா கட்டுகிறது. உறுப்பினரின் பதவிக்காலத்தையும் அவருக்கு உதவியாளர்கள் வைப்பதையும் அந்தந்த நாடே தீர்மானிக்கும். தலைமை ஆண்டுதோறும் ஏபெக்கை நடத்தும் நாட்டோடு மாறும். ஆண்டுக்கு நான்கு முறை கூட்டம். நிலையாக இருப்பது செயலகம் ஒன்றுதான். அதை மணிலாவில் வைத்தார்கள்.

மணிலா ஏன்? 1996-ல் ஏபெக் தலைமை பிலிப்பைன்ஸுக்கு வந்தது. குழுவின் முதல் ஆண்டும் அதுதான். முதல் தலைவராக ராபர்டோ ரோமுலோ பொறுப்பேற்றார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவராக இருந்த கார்லோஸ் ரோமுலோவின் மகன். பிலிப்பைன்ஸில் ஐபிஎம் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். பிறகு ஐரோப்பாவில் தூதர். 1992-லிருந்து 1995 வரை ஃபிடல் ராமோஸ் அரசின் வெளியுறவு அமைச்சர். நிறுவன நிர்வாகமும் அரசு நடைமுறையும் இரண்டும் கைவந்தவர் என்பதால் அந்த இடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவரைக் காண்பது கடினம்.

அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகிய காரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண் ஃபுளோர் கொன்டெம்ப்லாசியோன், இன்னொரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணையும் ஒரு சிறுவனையும் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றவாளி அல்லர் என்றே பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் நம்பினார்கள். வெளிநாட்டில் உழைக்கும் பெண்களைக் காக்க அரசு போதிய முயற்சி எடுக்கவில்லை என்று நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் ரோமுலோ பதவி விலகினார். அதே ஆண்டு ஜூனில் வெளிநாடு போகும் தொழிலாளரைக் காக்கத் தனிச்சட்டம் ஒன்றும் வந்தது. எல்லை கடந்து உழைக்கும் ஏழையின் பாதுகாப்பு என்ற கேள்வியால் பதவி இழந்தவர், அடுத்த ஆண்டு எல்லை கடக்கும் வணிகரின் தேவைகளைத் தொகுக்கும் குழுவுக்குத் தலைவரானார்.

1996 முழுவதும் குழு வேலை செய்தது. அது கொடுத்த முதல் அறிக்கையின் பெயர் 'ஏபெக் மீன்ஸ் பிசினஸ்'. எடுத்துக்கொண்ட விஷயங்கள்: வணிகர்களின் எல்லைப் பயணத்தை எளிதாக்குவது, சுங்க நடைமுறை, தர விதிகளை ஒன்றுக்கொன்று ஏற்பது, முதலீட்டுக்குப் பாதுகாப்பு, மின்சாரம், சாலை, துறைமுகம் போன்ற கட்டமைப்புகளுக்குத் தனியார் பணத்தைக் கொண்டுவருவது, சிறு தொழில்களுக்குத் தொழில்நுட்பமும் கடனும். படிக்கும்போது பெரிய கொள்கைப் பிரகடனம் போலத் தோன்றாது. போகோரின் ஆண்டுக் கணக்குகளில் மயங்கிக் கிடந்த ஓர் அமைப்பைக் கிடங்கின் வாசலுக்கும் குடிநுழைவு மேசைக்கும் இழுத்து வந்த அறிக்கை அது. அதுவே அதன் சிறப்பு.

அறிக்கை போய்ச் சேர்ந்த இடம் சுபிக். ஒரு நூற்றாண்டுக்கு மேல் முதலில் ஸ்பெயினுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் கடற்படைத் தளமாக இருந்த விரிகுடா. 1991 ஜூனில் பினாதுபோ எரிமலை வெடித்துச் சாம்பல் மூடியது. செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பலும் போனது. வேலையிழந்த ஊர் தன்னைத் தடையற்ற துறைமுகமாக மாற்றிக்கொண்டது. 1995-ல் ஃபெட்எக்ஸ் நிறுவனம் தன் ஆசியச் சரக்கு விமான மையத்தை அங்கே திறந்தது. போர் விமானங்கள் இறங்கிய ஓடுபாதையில் பார்சல் விமானங்கள் இறங்கின. தலைவர்களை அழைத்துவந்து காட்ட ராமோஸ் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அர்த்தம் உண்டு. 1996 நவம்பர் 25 அன்று பாரோங் தகாலோக் என்ற பிலிப்பைன்ஸ் மரபுச் சட்டை அணிந்து அவர்கள் அங்கே கூடினார்கள்.

சுபிக்கில் உடனே பலன் கொடுத்தது தகவல் தொழில்நுட்பப் பொருள்களைப் பற்றிய முடிவு. கணினி, சில்லு, தொலைத்தொடர்புக் கருவி ஆகியவற்றின் மீதான வரியை 2000-த்துக்குள் பெருமளவு நீக்கும் உடன்பாட்டைச் சிங்கப்பூரில் கூடவிருந்த உலக வணிக அமைப்பின் அமைச்சர்கள் முடித்துவிட வேண்டும் என்று தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். டிசம்பர் 13 அன்று சிங்கப்பூரில் உடன்பாடு ஆனது. இதை ஆலோசனைக் குழுவின் தனி வெற்றியாக எழுதினால் மிகையாகும். அமெரிக்க, ஜப்பானிய, ஐரோப்பிய மின்னணுத் தொழில்கள் வெகு நாளாகவே நெருக்கிவந்தன. ஆனால் தலைவர்களும் தொழில்துறையும் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் ஒன்றையே சொன்னதற்கு ஒரு கனம் இருந்தது.

குழுவின் முத்திரை நன்றாகத் தெரிவது இன்னொன்றில்: ஏபெக் வணிகப் பயண அட்டை. ஆஸ்திரேலியா, தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றும் 1997-ல் அதைச் சோதனையாகத் தொடங்கின. வேலை செய்யும் முறை எளிமையானது. வணிகர் தம் சொந்த நாட்டில் ஒரே விண்ணப்பம் கொடுப்பார். அவருடைய அரசு அவரைச் சோதித்து, மற்ற உறுப்பு நாடுகளுக்கு விவரத்தை அனுப்பும். ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே அனுமதி தரும். அதன் பிறகு தனித்தனி விசா தேவையில்லை. விமான நிலையத்தில் தனி வரிசை. முதலில் மூன்று ஆண்டுகளாக இருந்த அட்டையின் காலம் 2015-ல் ஐந்து ஆண்டுகளானது. எல்லா நாடுகளும் ஏறக்குறைய உள்ளே வந்துவிட்டன. அமெரிக்காவும் கனடாவும் மட்டும் தனி வரிசையோடு நிறுத்திக்கொண்டன, விசா விலக்குத் தரவில்லை.

எந்த நாட்டின் இறையாண்மையையும் இந்த அட்டை தொடவில்லை. அனுமதி மறுக்கும் உரிமை அவரவரிடமே இருக்கிறது. எந்த விவசாயியும் இதற்கு எதிராகத் தெருவுக்கு வர மாட்டார். மூன்று நாடுகள் தொடங்கிப் பலன் கண்டால், மற்றவை தாமே வந்து சேரும். ஏபெக் போன்று கட்டாயமில்லாத அமைப்பில் எந்த வகை ஆலோசனை பலிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. வரி, மானியம், நெல், பருத்தி என்று நாட்டின் உள்ளரசியலைத் தொட்ட பரிந்துரைகள் ஆண்டுக்காண்டு அறிக்கையில் திரும்பத் திரும்ப வந்தன. நிர்வாக முடிச்சை அவிழ்க்கச் சொன்ன பரிந்துரைகள் நடந்தன.

அட்டை யாருக்கு இல்லை என்பதையும் அதன் விதிகளே சொல்கின்றன. உண்மையான வணிகப் பயணிகளுக்கு மட்டும். விளையாட்டு வீரர், இசைக்கலைஞர், செய்தியாளர் போன்றோர் விண்ணப்பிக்க முடியாது. வேலை தேடிப் போகிறவருக்கு அதில் இடமே இல்லை. பசிபிக் கரையின் விமான நிலையங்களில் எண்ணிக்கையில் மிகுதியாக எல்லை கடந்த உழைப்பாளிகளில் ஃபுளோரைப் போன்ற பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முகவருக்குக் கடன்பட்டு, நீண்ட வரிசையில் நின்று போனார்கள்.

இதை நான் பின்னோக்கிப் பார்த்துச் சேர்க்கவில்லை. அன்றே கேட்டவர்கள் உண்டு. சர்வதேசச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1995-ல் ஆசிய-பசிபிக் தொழிலாளர் வலையமைப்பை உருவாக்கியது. வணிகர்களுக்கு இருப்பதைப் போலத் தொழிலாளர்களுக்கும் ஏபெக்கில் முறையான ஒரு மன்றம் வேண்டும் என்று அது கேட்டது. கிடைக்கவில்லை. பிறகு வந்த ஆண்டுகளிலும் கிடைக்கவில்லை. 1996 நவம்பரில் மணிலாவில் மக்கள் இயக்கங்கள் தனியாக மாற்று மாநாடுகள் நடத்தின. அவற்றுக்கு அழைக்கப்பட்டிருந்தவரும் இந்தோனேசிய ஆட்சியை எதிர்த்தவருமான கிழக்குத் தீமோரின் ஜோசே ராமோஸ்-ஹோர்டாவுக்குப் பிலிப்பைன்ஸ் நுழைவு அனுமதி மறுத்தது. அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விருந்தினர் சுகார்த்தோ வருத்தப்படக் கூடாது என்பதுதான் காரணம். மணிலாவில் விருந்தினர்களின் கண்ணில் படக்கூடிய குடிசைகளும் இடிக்கப்பட்டன.

வணிகர்களுக்கு இடம் கொடுத்தது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். அவர்கள் உள்ளே வராமல் சுங்கமும் விசாவும் சீர்பட்டிருக்காது. அவர்களோடு கதவு மூடிக்கொண்டதுதான் பிழை. ஏபெக் தன் கட்டாயமின்மையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அமைப்பு. கேட்பதால் யாரும் கட்டுப்படப் போவதில்லை என்றால், தையல் ஆலையில் உழைக்கும் பெண்ணின் பிரதிநிதியை ஆண்டுக்கு ஒருமுறை கேட்பதில் என்ன இழப்பு? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எந்தத் தலைவரிடமிருந்தும் வரவில்லை.

குழுவின் மாதிரி மற்ற இடங்களுக்கும் பரவியது. 2001 நவம்பரில் புருணையில் கூடிய ஆசியான் தலைவர்கள் தங்களுக்கும் ஒரு வணிக ஆலோசனைக் குழு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2003-ல் அது ஜகார்த்தாவில் தொடங்கியது. ஏபெக் குழுவின் மிகப் பெரிய கனவு 2004-ல் சிலியில் வெளிப்பட்டது: ஆசிய-பசிபிக் முழுவதையும் ஒரே தடையற்ற வணிகப் பகுதியாக்குவது. அந்த ஆண்டு தலைவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2006-ல் ஹனோயில், நெடுநாளைய இலக்காகப் பார்க்கலாம் என்று ஏற்றார்கள். அதைத் தனிப் பகுதியாக எழுத வேண்டும். ஏபெக்கில் இந்தியா எங்கே என்ற கேள்வி இங்கே எழும். அது 1991-லேயே உறுப்பாக விருப்பம் தெரிவித்தது. 1997-ல் புதிய உறுப்புகளுக்குத் தடை போட்டார்கள்; இந்தியா இன்றும் வெளியேதான் நிற்கிறது. திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றுமதி செய்பவருக்கு இந்த மேசையில் பேச ஆள் இல்லை. ஆனால் அங்கே பேசி முடிக்கும் தர விதியும் சுங்க நடைமுறையும் அவருடைய சரக்கு போய் இறங்கும் துறைமுகங்கள் பலவற்றில் நடைமுறையாகின்றன.

1997-ல் தலைமை கனடாவுக்குப் போனது. குழுவின் இரண்டாம் ஆண்டுக்கான பணித்திட்டத்தில் சென்ற ஆண்டின் பரிந்துரைகளில் எவை நடந்தன என்று அரசுகளைக் கேட்பது முதலில் இருந்தது. நிரந்தர அமைப்பு என்பதன் பயன் அப்போதே தெரியத் தொடங்கியது. கட்டமைப்புக்கு அந்நிய முதலீட்டைப் பெருக்குவது எப்படி என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். தென்கிழக்கு ஆசியாவின் வங்கிகளும் நிறுவனங்களும் அதற்குள் டாலரில் வாங்கிக் குவித்திருந்த குறுகிய காலக் கடன் எவ்வளவு ஆபத்தானது என்பது அந்த மேசையில் முதன்மையான பேச்சாக இல்லை. ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைக் காக்கும் முயற்சியைக் கைவிட்டது. நவம்பரில் வான்கூவரில் தலைவர்களைச் சந்திக்க வந்த குழுவினரில் சிலர் தங்கள் சொந்த நாட்டின் பணம் சரிவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தச் சந்திப்பில் அவர்கள் என்ன கேட்டார்கள், தலைவர்கள் என்ன செய்தார்கள் என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)